ஏகாதசியன்று அனுப்பிய கட்டைவிரல்

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைக்குப் போகிற தெருவில் நானும் என் நாத்தனாரும் இருக்கிறோம். என் வீட்டுக்காரரின் அக்கா. வீட்டுக்காரர் காலமான பிறகும் நாங்கள் இருவரும் பிரியவில்லை. இருவருக்கும் பிரஷர். எங்களைப் போன்றவர்களுக்காக ஆஸ்பத்திரி நர்ஸம்மா வாட்ஸப்பில் ஒரு குரூப் தொடங்கினார். தினமும் ஒரு வீடியோ வரும். உப்பைக் குறையுங்கள், ஊறுகாயைத் தொடாதீர்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று ஒரு டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லுவார். மாத்திரை போட்டதும் கட்டைவிரல் படத்தை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நர்ஸம்மா போன் செய்து விசாரிப்பார்.

நாத்தனாருக்குப் பார்வை மங்கல். போன் என் பொறுப்பு. காலையில் இட்லி சாப்பிட்டதும் ஆளுக்கொரு மாத்திரை, இருவருக்கும் சேர்த்து ஒரு கட்டைவிரல்.

ஏகாதசி வந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தண்ணீர் மட்டும்தான். மருந்துச் சீட்டிலோ சாப்பிட்ட பிறகு என்று எழுதியிருந்தது. சாப்பாடே இல்லாத நாளில் என்ன செய்வது? குரூப்பில் கேட்டுப் பார்க்கச் சொன்னார் நாத்தனார். மைக்கை அழுத்தி, “நர்ஸம்மா” என்று தொடங்கினேன். என் குரல் அத்தனை வீட்டிலும் கேட்குமே என்று தோன்ற, அழித்துவிட்டேன். வெறும் வயிற்றில் வேண்டாமாம் என்று நாத்தனாரிடம் சொன்னேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நர்ஸம்மா போன் செய்துவிடுவாரோ என்ற பயத்தில் கட்டைவிரலையும் அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏகாதசிக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

“வாயைத் தொறக்காமலே காலந்தள்ளிட்டடி நீ,” என்பார் நாத்தனார். “பெருமாளே வந்து என்ன வேணும்னு கேட்டாலும் கட்டைவிரலத்தான் காட்டுவ.”

ஆடி மாதத்துத் துவாதசி காலை. விரதம் முடிக்க அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நாத்தனார் கையிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டது. எடுக்கக் குனிந்தவருக்கு வலது கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. எதிர்வீட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறக்குமுன் நர்ஸம்மா தன் போனைக் காட்டி, “ஒரு நாள்கூட தவறுனதில்ல சார். இவங்கதான் எல்லாருக்கும் முன்னாடி அனுப்புவாங்க,” என்றார். அப்படிப் போட்டும் பிரஷர் இவ்வளவு ஏறியிருக்கிறதென்றால் மருந்து போதவில்லை, கூட்ட வேண்டியதுதான் என்று சொல்லி டாக்டர் பேனாவை எடுத்தார்.

“இல்லீங்க,” என்றேன். “நேத்து போடல. ஏகாதசிக்கு எப்பவுமே போடறதில்ல. நாந்தான் வேணாம்னு சொன்னேன். விரல் அனுப்புனது பொய்ங்க.”

பேனா நின்றது. நர்ஸம்மா என்னைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் திட்டவில்லை. இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இடையிடையே விட்டது கெடுதல்தான் என்றார். எங்கள் மாத்திரையை வெறும் வயிற்றிலும் தண்ணீரோடு போடலாமாம். விரதத்துக்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னிடம் இல்லாமல் போயிற்று.

நாத்தனார் பிழைத்துக்கொண்டார். கை இன்னும் எழவில்லை, பேச்சும் திரும்பவில்லை.

அடுத்த ஏகாதசியன்று காலை மைக்கை அழுத்தினேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். இந்தத் தடவை அழிக்கவில்லை. மத்தியானத்துக்குள் மூன்று பெண்கள், தாங்களும் விரத நாளில் போடுவதில்லை என்று பதில் அனுப்பியிருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் நர்ஸம்மா தனித்தனியாகப் பேசினாராம்.

காலையில் பேசி முடித்த கையோடு நாத்தனாரை நிமிர்த்தி உட்காரவைத்து, மாத்திரையை நாக்கில் வைத்து, ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தேன். ஓரமாக வழிந்ததைத் துடைத்தேன். பிறகு என்னுடையதைப் போட்டுக்கொண்டேன். நான் குரூப்பில் பேசியதை அவரும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். பழைய நாளாக இருந்தால் அதற்கு ஒரு கேலி வந்திருக்கும். நான் அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.