சக்கை அரக்கு விழுந்த கறுப்புக் கார்

போன வாரம் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து பார்த்தால், அடுத்த வீட்டுக்காரர் தன் புதுக் காரின் மேல் குனிந்து நிற்கிறார். கையில் பாத்திரம் துலக்கும் கம்பிச் சுருள். மாமரத்துப் பால், எங்கள் பேச்சில் அரக்கு, சொட்டிக் காய்ந்துபோயிருக்கிறது. அதைத் தேய்த்து எடுக்கப் போகிறார். நான் வாயில் நுரையோடு ஓடினேன்.

"சாரே, நிறுத்தணும்! அரக்கோட பெயின்டும் போவும்."

அவர் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்த என்னிடம் பாடம் கேட்க அவருக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. ஆனாலும் கையை எடுத்துவிட்டார். நான் வீட்டுக்குள் போய்த் தேங்காய் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தேன். எண்ணெய் மரப்பாலில் ஊறி, லேசாக வெயில் பட்டதும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், கொஞ்சம் காறலாக, கொஞ்சம் இனிப்பாக. அந்த வாசனை என்னை நேரே ஆரியங்கோட்டுக்குக் கொண்டுபோய் சாமுவேலின் முற்றத்தில் இறக்கிவிட்டது.

சாமுவேலும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். படித்தவர்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அவன் கல்ஃபுக்குப் போனான். நான் ஊர் ஊராகப் போனேன். பம்பாயில் ஓட்டலில் மாவாட்டினேன், ஆலப்புழையில் கயிற்றுக் கட்டு சுமந்தேன், எர்ணாகுளத்தில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு ஷெட்டில் சில மாதம் இருந்தேன். சோறு கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. எங்கேயும் நிலைக்காமல் ஊர் திரும்பியபோது என்னிடம் மிச்சம் இருந்தது கார் ஓட்டும் லைசென்ஸ் ஒன்றுதான்.

அதே மாதம் சாமுவேலும் நான்கு வருஷம் கழித்து முதல் லீவில் வந்தான். நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடமிருந்து பழைய கறுப்பு அம்பாசிடர் ஒன்றை வாங்கினான். அவனுக்கு ஓட்டத் தெரியாது. கார் வாங்கிய பிறகுதான் அது ஞாபகம் வந்திருக்கிறது. "எலே, லீவு முடியிற வரைக்கும் நீதான் டிரைவராக்கும்" என்றான். எனக்கும் அதைவிட நல்ல வேலை இல்லை.

காரை நிறுத்த ஒரே இடம்தான் இருந்தது. முற்றத்து வரிக்கைப் பலாவின் அடி.

அந்த மரத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சாமுவேலின் அப்பன் செல்லையன் மாமன் நிலத்துச் சொந்தக்காரரான ஜன்மியின் பறம்பில் குடிசை போட்டு வேலை செய்தவர். சட்டம் வந்து, குடிசைக்காரர்களுக்குப் பத்து சென்ட் அளந்து கொடுத்த காலத்தில் சங்கிலி பிடித்து அளக்க ஆள் வந்தது. கிணற்றைச் சேர்த்து அளந்தால் பலா வெளியே போகும், பலாவைச் சேர்த்தால் கிணறு வெளியே போகும். மாமன் பலாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதுவரை அந்த மரத்தின் சக்கையை, அதாவது பலாப்பழத்தை, அவர் பறித்துச் சுமந்து ஜன்மி வீட்டில் கொண்டு வைப்பார், கையில் ஒட்டிய அரக்கு மட்டும் அவருக்கு. ஆடி மாத மழையில் வேலையும் இல்லாமல் அரிசியும் இல்லாமல் கிடந்தவருக்குக் கிணற்றைவிட மரம் பெரிதாகத் தெரிந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சாமுவேலின் அம்மா ரோசம்மா மாமிக்கு மட்டும் ஆறவே இல்லை. தண்ணீர்க் குடத்தை இறக்கும்போதெல்லாம், "எனக்க இடுப்பு ஒடிஞ்சாலும் உங்களுக்குச் சக்கை உண்டுல்லா" என்பாள். மாமன் வாயே திறக்கமாட்டார். அவர் பேசி நான் கேட்டது மொத்தமாகச் சேர்த்தால் ஒரு பக்கம் வராது.

கார் வந்து இரண்டு வாரமாகியும் மாமன் அதில் ஏறவில்லை. சாமுவேலுக்கு அது பெரிய வருத்தம். ஞாயிற்றுக்கிழமை அப்பனை முன்சீட்டில் உட்காரவைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அங்கே மணலில் கிடந்து நினைத்திருக்கிறான். அவர் "நீங்க போங்க, நான் நடந்து வாறேன்" என்று வயல் வரப்பில் இறங்கிவிடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் அது நடந்தது. காரில் பெட்ரோல் தீர்ந்திருந்ததால் நானும் சாமுவேலும் பஸ்ஸில் பாறசாலைக்குப் போயிருந்தோம். சாயங்காலம் வந்து பார்த்தால் பானெட்டிலும் மேற்கூரையிலும் அரக்கு சொட்டுச் சொட்டாக விழுந்து கிடக்கிறது. சில இடத்தில் வழிந்து கோடு கோடாக இறுகிவிட்டது. கறுப்புக் காரில் கேட்கவே வேண்டாம். காக்கைக் கூட்டம் ஒன்று வந்து இருந்து போனது போல இருந்தது.

சாமுவேல் மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் எடுத்து வந்தான். சக்கை வெட்டிய கத்தியை நம் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தானே துடைப்பார்கள்? நான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வருவதற்குள் ஓரிடத்தில் தேய்த்துவிட்டான். அரக்கு போகவில்லை. உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. நாரைத் தூக்கி எறிந்தான்.

"காலையில ஆள் வரும். மரத்த முறிக்கப் போறேன்."

"எலே, அப்பனுக்க மரம்லா அது."

"அப்பனுக்கு மரம் போதும். நான் வேண்டாம், காரும் வேண்டாம். நான் சம்பாதிச்சதுல ஒண்ணும் அவருக்குப் பிடிக்கல்ல. நீ பாத்துட்டுத்தானே இருக்க?"

மாமன் ஆட்டுக்கொட்டில் பக்கம் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஆட்டைக் கொட்டிலில் கட்டிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் விடிந்ததும் நான் போய்விட்டேன். மரம் முறிப்பவர் பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. அதற்குள் காரைக் காரைப்போல ஆக்கிவிட்டால் சாமுவேலின் கோபம் இறங்கும் என்று ஒரு கணக்கு.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பொறுமைதான் வேண்டும், அது எனக்கு என்றைக்கும் குறைவு. காரின் தகடு வெயிலில் சூடாகியிருக்கக் கூடாது. முதலில் நிறையத் தண்ணீர் விட்டுத் தூசியைக் கழுவ வேண்டும். தூசியோடு துடைத்தால் மண்ணே பெயின்டைக் கீறும். பிறகு கை பொறுக்கும் சூட்டில் துணியை நனைத்து அரக்கின் மேல் போட்டு வைத்தேன். கதவின் அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். பெயின்ட் துணியில் வரவில்லை. அதன் பிறகுதான் ஒவ்வொரு சொட்டின் மேலும் எண்ணெய் வைத்தேன். ஒரு சாயா குடிக்கும் நேரம் சும்மா இருக்க வேண்டும். நகம் கூடாது, பிளேடு கூடவே கூடாது. பழைய வேட்டித் துணியால் மெல்ல உருட்டினால் அரக்கு திரண்டு துணிக்கு வரும். அடுத்த சொட்டுக்குத் துணியின் வேறு பக்கம். கடைசியில் சோப்புத் தண்ணீர்.

பாதி முடியும்போது எண்ணெய் தீர்ந்தது. ரோசம்மா மாமியிடம் கேட்கலாம் என்று கொட்டிலைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். அங்கே தென்னை ஓலையால் மூடி ஏதோ குவித்து வைத்திருந்தது. ஓலையை விலக்கினால் அத்தனையும் இடிச்சக்கை. முள்கூட விரியாத பிஞ்சுகள், ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. காம்பு வெட்டுப்பட்டு அரக்கு உறைந்து நிற்கிறது. செல்லையன் மாமன் பிஞ்சை வெட்டுவதா? ஒரு பிஞ்சு தானாக உதிர்ந்தாலே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனுஷன் அவர்.

பின்னால் வந்து நின்றார்.

"மாமா, இது எதுக்கு வெட்டினீங்க?"

கார் பக்கம் கையைக் காட்டினார். "அதுக்க மேல உள்ள கொம்புல காய்ச்சது ஒக்க" என்றார். "முத்தி விழுந்தா வண்டி சளுங்கிப் போவும். அவன் பாடுபட்டு வாங்கினதாக்கும். வெட்டினா காம்பு அழும்னு எனக்குத் தெரியாதா? வண்டிய ஓலை போட்டு மூடணும்னு அப்ப தோணல்ல, மக்கா."

ஆயுசு முழுக்க அந்த மரத்தில் ஏறிய மனுஷன், மகனின் காரை நினைத்த பதற்றத்தில் அரக்கை மறந்துவிட்டார்.

நான் சாமுவேலைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அந்தக் குவியலைக் காட்டினேன். பிஞ்சுகளைப் பார்த்தான், நிமிர்ந்து மொட்டையாக நின்ற கொம்பைப் பார்த்தான். அப்பன் பக்கம் திரும்பினான்.

"ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா அப்பா?"

"நீ கேக்கல்லியே."

ரோசம்மா மாமி அடுக்களையிலிருந்து, "இவ்வளவு இடிச்சக்கையும் நான் தோரன் வைக்கணுமா? ஆருக்கு?" என்று கத்தினாள். நான் எண்ணெய் கேட்டேன். அவளே எண்ணெய்ச் சட்டியைக் கொண்டுவந்து பானெட் பக்கம் வைத்தாள். அப்பனும் மகனும் ஆளுக்கொரு வேட்டித் துண்டோடு இரண்டு பக்கத்திலிருந்தும் துடைக்கத் தொடங்கினார்கள். எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மரம் முறிப்பவர் கோடாலியோடு வந்தார். சாமுவேல் அவருக்குச் சாயா வாங்கிக் கொடுத்து, இரண்டு இடிச்சக்கையும் கையில் கொடுத்து அனுப்பினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமன் காரில் ஏறினார். ஏறும் முன் தோளில் கிடந்த துவர்த்தை உதறி முன்சீட்டில் விரித்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்தார். கோயில் வாசல் வரை என் கையிலிருந்த ஸ்டியரிங்கையே பயத்தோடு பார்த்துக்கொண்டு வந்தார். சாம்பல் நிறம் ஆன அந்த உள்ளங்கை அகலம் மட்டும் கடைசிவரை தெளியவில்லை. எவ்வளவு பாலிஷ் போட்டும் அது அப்படியே இருந்தது.

சாமுவேல் திரும்பிப் போன பிறகு கடிதம் எழுதுவான். அப்பனுக்கு வாசிக்கத் தெரியாது, நான் ஊரில் இருக்கும் நாட்களில் வாசித்துக் காட்டுவேன். பதிலும் நான்தான் எழுத வேண்டும், என் கோணல் எழுத்தில். மாமன் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "மரம் நிக்குது, வண்டிய ஓலை போட்டு மூடியிருக்குன்னு எழுது." வேறென்ன எழுத என்று கேட்டால், "அது போதும், அவனுக்குத் தெரியும்" என்பார்.

மாமன் இறந்துபோனார், பின்னால் மாமியும். அம்பாசிடரை இரும்பு விலைக்கு எடுத்துப் போனார்கள். சாமுவேல் ஊரோடு வந்து சேர்ந்து, மரத்துக்கு இடம் விட்டுத்தான் வார்ப்பு வீடு கட்டினான். ஆனால் ஒரு மழைக்காலத்தில் வேர் அழுகி மரம் தானாகவே சாய்ந்தது. அவனும் கண்ணை மூடியபின் பத்து சென்ட் இரண்டாகப் பிரிந்தது. மகன்கள் இருவரும் கல்ஃபில் இருக்கிறார்கள். போன மாதம் அந்த வழியாகப் போனேன். இரண்டு கேட், இரண்டு தகரக் கூரை, அடியில் இரண்டு கார்கள். பளபளவென்று நிற்கின்றன, ஒரு பொட்டு அரக்கு இல்லாமல்.