முருங்கைக்கிளை மறியல்

அந்த வருஷம் சங்கராபுரம் ரோட்டில் நின்ற புளியமரங்களைவிடக் குறுக்கே கிடந்த புளியமரங்கள்தான் ஜாஸ்தி. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஆகவே போராட்டத்தை நான் முழுமனதாக ஆதரித்தேன்.

வெள்ளிமலைக்குப் போயிருந்த சித்தப்பா, பாதி வழியில் பஸ் நின்றுவிட, பலாப்பழத்தைத் தலையில் சுமந்து நடந்தே வந்தார். எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் ஒரே வாசல். எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாலு, அங்கே ஆறு. எது வந்தாலும் பத்துப் பேரும் ஒரே முறத்தைச் சுற்றி உட்கார்ந்து தின்போம். அன்றைக்கு நான் தலைவனாகியிருந்தேன். அரிவாள் தர அம்மா மறுத்துவிட்டதால், கையால் ஒடிகிற முருங்கைக்கிளை ஒன்றை வாசலுக்குக் குறுக்கே போட்டு, அதன்மேலேயே படுத்துவிட்டேன். எங்கள் வீட்டுக்குத் தனிப் பங்கு வேண்டும். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

பெரியப்பா மகள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

“அப்டினா பத்துல ஆறு எங்க வூட்டுக்கு.”

“பாதிக்கு மேல போவுதே, வுடாதண்ணா,” என்றான் தம்பி.

உயிரே போனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். பழ வாசனை ஆளைத் தூக்கியது. கிளையில் இருந்த எறும்புகள் என் கால்சட்டைக்குக் குடிமாறிக்கொண்டிருந்தன.

சித்தப்பா என் காதருகே குனிந்தார்.

“தலைவரே, அவங்க பேச்ச வுடு. பத்துல நாலு உங்க வூட்டுக்குனு தனியா ஒதுக்கிடறேன். வேற எவனும் கைய வெக்க முடியாது. இன்னா சொல்ற?”

“தனியாவா?”

“தனியா.”

ஜெயித்துவிட்டோம். தம்பி என்னைத் தோளில் தூக்கப்போய் இரண்டு பேரும் விழுந்தோம். எழுந்து ஊர்வலம் கிளம்பினால், எதிரே இன்னொரு ஊர்வலம் வருகிறது. அவர்களும் ஜெயித்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் பழிப்புக் காட்டிக்கொண்டே இரண்டு முறங்களைச் சுற்றி உட்கார்ந்தோம்.

மறியல் கிளையிலிருந்து கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: “எப்பவும் போல ஆளுக்கொரு பங்குதானடா வந்துது?”

“இது ஒதுக்குனதும்மா. ஜாஸ்தி இனிக்குது.”

பக்கத்து முறத்தில் பெரியப்பா மகளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தப்பா குலுங்கிக் குலுங்கிக் கண்ணில் தண்ணீர் வர இருமினார். பாவம், பலாக்கொட்டையை முழுங்கிவிட்டார் என்று நினைத்து, தலைவன் என்கிற பொறுப்போடு அவர் முதுகில் ஓங்கித் தட்டிக்கொடுத்தேன்.