பூட்ஸ் எந்த இடத்தில் கடித்தது?

"அதெல்லாம் இருக்கட்டும். பூட்ஸ் எந்த இடத்துல கடிச்சுது?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பிக்கிறார் பூதக்கண்ணாடி என்று பெயரெடுத்த பெரியவர். எதிரே இருப்பவர் அதுவரை எதிரி முகாமுக்குள் தனியாளாகப் புகுந்து பதினான்கு பேரைச் சாய்த்த கதையைக் கைகால் ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். பூட்ஸ் என்றதும் கை அந்தரத்தில் நின்றுவிடுகிறது. "அது... ரகசியம் சார்" என்கிறார். பூதக்கண்ணாடி கண்ணாடியை நிதானமாக மாட்டிக்கொள்கிறார். "ரகசியப் படையா இருந்தாலும் பூட்ஸ் வாங்குறப்ப கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும் தம்பி."

காவலாட்களை வேலைக்கு அனுப்பும் நிறுவனம் அது. அதன் பின்னறையில், காலித் தண்ணீர்க் கேன்களுக்கும் ஓடாத ஏசிக்கும் நடுவே அவருடைய மேஜை. வேலை கேட்டு வருகிறவர்களில் பத்துக்கு மூன்று பேர் முன்னாள் கமாண்டோக்கள். நாட்டில் அத்தனை கமாண்டோக்கள் இருந்திருந்தால் எந்தப் போரும் மதியச் சாப்பாட்டைத் தாண்டியிருக்காது. யார் நிஜம், யார் புளுகு என்று பார்த்துச் சொல்வதுதான் இவர் வேலை. அந்தக் கண்ணுக்காக ஆபீஸ் வைத்த பெயர்தான் பூதக்கண்ணாடி. ராணுவப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். துப்பாக்கியைத் தொட்டதில்லை, துப்பாக்கி தொலைந்துபோன கோப்பை மட்டும் தொட்டிருக்கிறார். "நான் பட்டாளத்துல இல்லீங்க, பட்டாளத்துக் காகிதத்துல இருந்தேன்" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவார்.

அவருடைய முறை ரொம்பச் சுலபம். சண்டையைப் பற்றிக் கேட்கவே மாட்டார். பூட்ஸ், லீவு, சாப்பாட்டு வரிசை, மேலதிகாரியின் குறட்டை, இவ்வளவுதான். "நிஜமான ஆளு புலம்புவான் சார். புளுகுறவன் ஜெயிச்சுக்கிட்டே இருப்பான்" என்பார். ஒருவர் தன் கெண்டைக்காலில் குண்டு பாய்ந்த தழும்பைக் காட்டினார். இவர் குனிந்து பார்த்துவிட்டு, "எந்த கம்பெனி பைக்கு?" என்றார். சைலன்ஸர் சூடு! இன்னொருவர் சேர்ந்ததாகச் சொன்ன தேதிப்படி அவர் நான்காம் வகுப்பிலிருந்தே நேராகப் போருக்குப் போயிருக்க வேண்டும்.

பிடிபட்டவர்களை அவமானப்படுத்தமாட்டார் என்பதையும் சொல்லவேண்டும். கோப்பை மூடி டீ வரவழைப்பார். "அடுக்குமாடி வாசல்ல நிக்கிற வேலை ஒண்ணு இருக்கு. அதுக்குக் கமாண்டோ வேண்டாம், தூங்காத ஆளு போதும். போறீங்களா?" பாதிப் பேர் போய்விடுவார்கள். வீட்டில் இந்தத் தாராளம் செல்லுபடியாகாது. "கத்தரிக்காய்கிட்டகூட நீ கத்தரிக்காய்தானான்னு கேக்கிற மனுஷன்" என்பது அவர் மனைவி கொடுக்கும் சான்றிதழ்.

அப்படிப்பட்டவருக்குப் போன மாதம் தங்கை மூலமாகச் சோதனை வந்தது.

தங்கை சலவைக் கடை வைத்திருப்பவள். வயது நாற்பத்தேழு. கணவன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. கார் ஓட்டக் கற்றுத்தரும் மாஸ்டர் ஒருவர் தன் வெள்ளைச் சட்டைகளோடு கடைக்கு வர ஆரம்பித்து, பிறகு சட்டை இல்லாமலும் வர ஆரம்பித்தார். அதாவது, சலவைக்குப் போடச் சட்டை இல்லாமல். கல்யாணப் பேச்சு வந்தது. மாஸ்டர் ஒருகாலத்தில் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் கமாண்டோவாம்.

"நீ விசாரிச்சுச் சொல்லுண்ணா" என்றாள் தங்கை. "கமாண்டோவா இருந்தாதான் கட்டிப்பேன்னு இல்ல. ஆனா ஒரு பொய்க்காரனோட இருபது வருஷம் குப்பை கொட்டியாச்சு. இன்னொரு தடவை என்னால முடியாது. பொய்னா ஒரே வார்த்தையில பொய்னு சொல்லிடு, கதையை முடிச்சுடறேன்."

பழைய அலுவலக நண்பருக்குப் போன் போட்டார். மூன்றாம் நாள் பதில் வந்தது: குதித்தவர்கள் பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை. மற்ற நேரமாக இருந்தால் இதைக் கேட்டதும் முகம் மலர்ந்திருக்கும். இந்த முறை போனை வைத்துவிட்டு வெகுநேரம் காலித் தண்ணீர்க் கேன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை மறுபடி வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்து நான்கு மாதம்தான் ஆகிறது. அந்த வாயை மூட ஒரே வார்த்தை போதும்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனார். மாஸ்டரும் அங்கேதான் இருந்தார். ஏதோ மண்டபத்திலிருந்து வந்த வழுவழுப்பான நீளத் திரைச்சீலையோடு தங்கை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மடிக்க மடிக்க நழுவி ஓடியது. "விடுங்க, நான் பாக்கறேன்" என்று மாஸ்டர் அதை வாங்கி நீள மேஜையில் விரித்தார்.

அதன்பிறகு அந்த மனிதர் இந்த உலகத்திலேயே இல்லை. சீலையை இழுத்து நேராக்கினார். முழங்கையால் நீவி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினார். ஒவ்வொரு மடிப்பின் மேலும் அது நகராமல் இருக்க ஒரு துணிப்பொட்டலத்தை வைத்தார். உதடு தனக்குள் எண்ணிக்கொண்டிருந்தது. கடைசி மடிப்பைப் போடுமுன் மேஜையில் கிடந்த குண்டூசிகளை ஒருமுறை எண்ணி, ஒன்றும் துணிக்குள் போகவில்லை என்று உறுதி செய்துகொண்டார். சலவைக் கடையில் எவன் குண்டூசி எண்ணுவான்?

பூதக்கண்ணாடி சாதாரணமாகக் கேட்டார்: "எத்தனை மடிப்பு?"

"இருபத்தெட்டு."

"முடிச்சதும் கையெழுத்து எங்க போடுவீங்க?"

"கூடவே ஒரு அட்டை இருக்கும், அதுல..." என்று சொன்ன மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார்.

பூதக்கண்ணாடி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. முப்பத்தொரு வருடம் கோப்பு பார்த்த ஆள், குதித்தவர்கள் பட்டியலை மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் படையில் குதிக்கிறவர் வேறு, பாராசூட்டை மடித்துக் கொடுக்கிறவர் வேறு. மடிக்கிறவர்தான் உள்ளே எதையும் விட்டுவிடவில்லை என்று எண்ணிப் பார்த்து, அட்டையில் கையெழுத்தும் போட வேண்டும். "நீங்க சொல்றீங்களா மாஸ்டர், நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன் சார்." மாஸ்டர் தங்கையைப் பார்க்காமல் திரைச்சீலையைப் பார்த்துப் பேசினார். "நான் ஒரு நாளும் குதிச்சதில்லைங்க. குதிக்கிறவங்களுக்குப் பாராசூட் மடிச்சுக் கொடுத்தேன். பதினோரு வருஷம்."

"அப்புறம் ஏன் கமாண்டோன்னீங்க?" தங்கையின் குரல் இறுகியிருந்தது.

"முதல் நாள் வந்தப்ப, பட்டாளத்துல என்ன வேலைன்னு கேட்டீங்க. துணி மடிச்சேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"துணி மடிச்சுப் பொழைக்கிறவ முன்னால நின்னுக்கிட்டு, துணி மடிச்சேன்னு சொல்ல வெக்கமா?"

மாஸ்டருக்குக் காது சிவந்துவிட்டது. பாவம், பதினான்கு பேரைச் சாய்க்காத மனிதர். தங்கை இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்க மடிச்சதுல எதாவது விரியாமப் போச்சா?"

"இல்லைங்க. ஒண்ணுகூட இல்ல." இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு உயரத்துல இருந்து குதிச்சாலும் கீழ வந்து சேர்ந்துட்டாங்க. ஆனா மேல விரிஞ்சுதுன்னா குதிச்சவன் பேரைத்தான் சொல்வாங்க."

பூதக்கண்ணாடிக்கு இது பழகிய சத்தம். உயரமே பார்க்காத ஒருவன் புலம்புகிறான். அசல் புலம்பல்.

"வேற பொய் எதாவது இருக்கா? இப்பவே சொல்லிடுங்க" என்றாள் தங்கை.

மாஸ்டர் யோசித்தார். "வயசு அம்பதுன்னு சொன்னேன்..."

"அம்பத்திரண்டு" என்று, மாஸ்டரின் லைசென்ஸை முன்பே பார்த்துவைத்திருந்த பூதக்கண்ணாடியின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தங்கை அண்ணனை முறைத்தாள். மாஸ்டரை முறைத்தாள். பிறகு உலர்ந்து கிடந்த பெரிய படுக்கைவிரிப்பை எடுத்து, இரண்டு முனைகளைத் தன் கையில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டை அண்ணனிடம் நீட்டினாள். இருவரும் இழுத்துப் பிடித்தார்கள். வேலை பார்த்துக்கொண்டே பேசினால்தான் அவளுக்கு அழுகை வராது.

"நீ என்னண்ணா சொல்ற? பொய்யா, நிஜமா?"

பூதக்கண்ணாடி கண்ணாடியைத் துடைக்கவில்லை, கை ஒழியவில்லை. விரிப்பு தொய்ந்துவிடாமல் பக்கவாட்டில் இரண்டடி நடந்து, தன் கையிலிருந்த இரண்டு முனைகளையும் மாஸ்டரின் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றார்.