ஐஸ் அக்காவின் நான்கு சல்லடைகள்

மூச்சை அடக்கிக்கொண்டு குனிகிறார். இடுக்கி முனையில் நகத்துணுக்கு அளவில் ஒரு செப்புச் சல்லடை. அதன்மேல் ஒரு சொட்டு புரதக் கரைசல். வடிதாளால் ஒற்றி, கடுங்குளிர்த் திரவத்தில் சரேலென்று அமிழ்த்துகிறார். நீர் கண்ணாடிபோல் உறைந்து, புரதம் இருந்த கோலத்திலேயே நின்றுவிடும். பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கி அதைப் படம்பிடிக்கும். நடுவில் மூச்சுக்காற்று பட்டால் போச்சு. உறைபனி படிந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் அவர் ஐஸ் அக்கா. வயது நாற்பத்தாறு. இந்த வித்தையைக் கற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கும்போதும் மூச்சு நிற்கிறது. "வேலையில மூச்சே விடமாட்டேங்கிற, வீட்டுக்கு வந்தா மூச்சு விடாம பேசுற" என்பார் பேருந்து ஓட்டும் கணவர்.

சென்ற வாரம் ஆய்வு மாணவி ஒருத்தி இரண்டு குழாய்களை நீட்டினாள். "அக்கா, இதான் கடைசிச் சொட்டு. எட்டு மாசமா பிரிச்செடுத்தது."

மருந்து சேர்த்த புரதம் இரண்டு சல்லடையில், சேர்க்காதது இரண்டில். நான்கையும் ஒரு வட்டப் பெட்டியின் நான்கு குழிகளில் வைக்க வேண்டும். முதல் குழி எதுவென்று காட்ட விளிம்பில் சின்னதாய் ஒரு வெட்டு இருக்கும்.

மூடியைத் திருகியபின்தான் அக்காவுக்கு உறைத்தது. வெட்டைப் பார்க்கவே இல்லை. இனித் திறந்து பார்த்தாலும் கண்ணுக்கு நான்கும் ஒன்றுபோலத்தான்.

"முடிஞ்சுதாக்கா? நோட்டுல எழுதிட்டீங்கன்னா எடுத்துட்டுப் போயிடுவேன்."

"எது எந்தக் குழியில இருக்குன்னு தெரியலம்மா. வெட்டப் பாக்காம வச்சுட்டேன்."

"விளையாடாதீங்கக்கா."

"உன் எட்டு மாசத்தோடயா விளையாடுவேன்?"

மாணவி சுவரில் சாய்ந்தாள். தணிந்த குரலில், "வழக்கமா முதல் ரெண்டுலதானே மருந்து வைப்பீங்க? அப்படியே போட்டுடுங்களேன். அடுத்த மாசம் நான் முடிவு காட்டியாகணும். யாரு கேக்கப்போறா?"

யாரும் கேட்கமாட்டார்கள்தான். அது அக்காவுக்கும் தெரியும்.

"மருந்தால புரதம் மாறுதான்னு பாக்கத்தானே இவ்வளவும்? அத நானே முடிவு பண்ணிட்டா மைக்ராஸ்கோப்பு எதுக்கு?"

"அப்போ மறுபடியும் எட்டு மாசமா?"

"ஆமா. என் தப்பு. பேராசிரியர்கிட்ட நானே சொல்றேன். பிரிச்செடுக்கறதுக்கும் கூட நிக்கிறேன்."

அக்கா பதிவேட்டைப் பிரித்தார். முதல் குழிக்கு நேராக 'தெரியாது' என்று எழுதினார். மேற்படிக்குறி போடாமல், மற்ற மூன்று வரிகளிலும் அதையே முழுதாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்திட்டார்.