பீர் லைசென்சும் எங்கள் கல் படிக்கட்டும்

மதுவிலக்கை எடுத்த புதிதில் ஏற்காட்டில் லாட்ஜ் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரே ஆசைதான். ஆளை உட்காரவைத்து பீர் ஊற்றிக் கொடுக்க லைசென்ஸ் வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேலே இருந்த லாட்ஜ்காரரும் மனுப் போட்டார்.

நான் அந்த ஓராசிரியர் பள்ளியின் டீச்சர். படித்தவர்கள் எஸ்டேட் பிள்ளைகள். அவர்கள் குடியிருப்பு இன்னும் மேலே. அங்கிருந்து லாட்ஜின் பின்சுவரை ஒட்டி ஒரு கல் படிக்கட்டு நேரே பள்ளிக்கு இறங்கும். மழையில் வழுக்குகிறது, ஒரு கைப்பிடிக் கம்பி போட்டுக்கொடுங்கள் என்று மேலிடத்துக்கு மூன்று முறை எழுதிக் கேட்டேன். ஒரு பதிலும் வந்ததில்லை.

பள்ளிக்கும் பாருக்கும் நடுவே இவ்வளவு தூரம் வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதை நம்பி நான் நிம்மதியாக இருந்தேன், மடச்சி. லாட்ஜில் என்ன தாளிக்கிறார்கள் என்பது என் வகுப்பறைக்கே தெரியும், அவ்வளவு பக்கம். ஆனால் சேலத்திலிருந்து அளக்க வந்த அதிகாரி விதிகளைக் கரைத்துக் குடித்தவர். நேராக நூல் பிடித்து அளக்கக் கூடாதாம், ஆள் நடக்கிற வழியைத்தான் அளக்க வேண்டுமாம். சரி, படிக்கட்டை அளங்கள் என்று கூட்டிப்போனேன். படிக்கட்டுக்குக் குறுக்கே முள்கம்பி! முந்தின நாள் கட்டியது, இன்னும் பளபளத்தது.

"அது எங்க எடமுங்க டீச்சர். அதுல வழி ஏதுங்க?" என்றார் லாட்ஜ்காரர், கொஞ்சமும் கூசாமல்.

அதிகாரி கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ரோட்டோடு கொண்டை ஊசி வளைவைச் சுற்றி அளந்துகொண்டு வந்தார். தூரம் தாராளமாக இருந்தது. கம்பியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை அந்த மகானுபாவர். நான் மேலிடத்துக்கு எழுதியதற்கு, விதிப்படி அளந்தாயிற்று என்று பதில் வந்தது. இதற்கு மட்டும் பதில் போடத் தெரிந்தது.

பிள்ளைகள் ரோடு சுற்றி வந்தார்கள். ரோடோ லாட்ஜ் வாசல் வழியாகப் போகிறது. பிள்ளைகள் கண்ணில் குடி படக் கூடாது என்று போட்ட சட்டம், அவர்களைத் தினம் இரண்டு வேளை பார் வாசலில் நடக்கவிட்டது. தூ!

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுவாள். அவளைப் பார்த்தாலே எனக்குப் பாடம் நடத்தத் தெம்பு வரும். காப்பித் தோட்டத்தில் வேலை செய்த அவள் அம்மா ஒரு நாள் என்னிடம் வந்து நின்றாள்.

"சுத்திக் கூட்டியாந்து உட்டா எனக்கு வேலைக்கு நேரமாயிருதுங்க. ஊட்டுக்கே திருப்பி அனுப்பிப்போடறாரு மேஸ்திரி. தனியா உடறதுக்கும் பயமா இருக்குதுங்க டீச்சர். அந்த வாசல்ல நிக்கறவங்க பேச்சு நொம்ப மோசமுங்க."

மறுவாரம் அந்தப் பெண் வரவில்லை. பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

அடுத்த வருஷம், பிள்ளைகள் போதாது என்று பள்ளியை மூடி, என்னை மஞ்சக்குட்டைக்கு மாற்றினார்கள். கடைசியாகச் சாமான் எடுக்கப் போனேன். பள்ளியே இல்லாதபோது தூரம் எதற்கு? முள்கம்பியைப் பிரித்திருந்தார்கள். கீழே ஜீப்பை நிறுத்திவிட்டுக் குடிக்க வருகிறவர்கள் என் பிள்ளைகளின் படிக்கட்டில் ஏறிப் போனார்கள். ஓரத்தில், பச்சைப் பெயின்ட் அடித்த புதுக் கைப்பிடிக் கம்பி.

நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதை லாட்ஜ்காரர் கவனித்தார்.

"மழையில நொம்ப வழுக்குதுங்க டீச்சர்," என்றார். "யாராச்சும் உழுந்துட்டா பாவமில்லைங்களா?"