தேனியில் நாலு கோடு

அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உடனிருக்கும் தம்பி காலையில் மூன்று முறை அழைத்தும் வருசநாட்டில் என் போன் அடிக்கவேயில்லை.

பஸ் பிடித்துத் தேனிக்குப் போனேன். செல்போன் கடைக்காரர் சிம்மைத் துடைத்துப் போட்டு, செட்டிங்கை மாற்றினார்.

"இந்தா, சிக்னல் நாலு கோடு காட்டுது பாருங்கக்கா."

"இங்கன காட்டும். வருசநாட்டுல?"

"அங்கன மலை மறைக்கிதுக்கா, போன் என்ன செய்யும்? போயிப் பாருங்க. எடுக்கலைன்னா எனக்கு ஒரு போன் போடுங்க."

வீட்டில் ஒரு கோடும் இல்லை.

மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறியதும் தம்பியின் செய்தி வந்தது: "டாக்டர் ஒன்கிட்டப் பேசணும்ங்கிறாக. எங்கக்கா இருக்க?"

அழைத்தால் முதல் மணியிலேயே அறுந்துவிடுகிறது.

இங்கிருந்து போனில் போடும் இந்தப் பதிவாவது உங்களுக்கு வந்து சேர்ந்ததா, சொல்லுங்கள். தொட்டியை விட்டு நான் இறங்குவதாக இல்லை.