நட்சத்திர மீன் தேடிய செவ்வாய்க்கிழமை

தி. நகரில் ஒரு பெரிய துணிக்கடையில், சேலைப் பிரிவில் நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்பதைவிட நிற்கிறேன் என்பதே சரி. எங்களுக்கு நாற்காலி போட்டாயிற்று, உட்காரத்தான் நேரம் கிடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் நெரியும் என்பதால் என் வார விடுப்பு செவ்வாய். நாலாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கோ ஞாயிறு. நாங்கள் இரண்டு பேரும் ஒரு முழுப் பகல் சேர்ந்து இருப்பதே அபூர்வம். அப்படி ஒரு செவ்வாய் பள்ளிக்கும் விடுமுறையாக வந்தது. பட்டினப்பாக்கம் போய், பாறையில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் ஒரு நாளைக் கழிக்கலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அதற்குக் காரணம் நான்தான். எங்கள் கடையில் சேர்ந்த அன்றே ஒரு பாடம் சொல்லித் தருவார்கள். யார் எதைக் கேட்டாலும் ‘இல்லை’ என்ற சொல் வாயில் வரக் கூடாது. மயில் கழுத்து நிறத்தில் வெள்ளிக் கரை வேண்டும் என்பார்கள். அப்படி ஒரு சேலை எங்கள் கடையிலேயே இருக்காது. ஆனாலும், “இருக்கு மேடம், காட்டுறேன், உட்காருங்க” என்று சொல்லிவிட்டு, வேறு இருபது சேலைகளைப் பிரித்துப் போட வேண்டும். அதில் ஒன்று பிடித்துப்போய்விடும். பதினாறு வருடமாக இதே வேலை. நாக்கு பழகிவிட்டது.

முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போது மகள் விஷயத்தைச் சொன்னாள். விடுமுறையில் கண்ணால் பார்த்த ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார் அவளுடைய டீச்சர். பார்க்காததை எழுதக் கூடாது, அடித்துத் திருத்தக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது.

“அப்பா, அந்தப் பாறையில நட்சத்திர மீன் இருக்குமா?”

“இருக்கு, காட்டுறேன்” என்றேன், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

நான் கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் நோட்டில் ‘நட்சத்திர மீன்’ என்று பேனாவால் தலைப்பு எழுதி, அடியில் கோடும் போட்டுவிட்டாள்.

காலை எட்டு மணிக்கே கடற்கரையில் இருந்தோம். கடல் மணலை அள்ளிக்கொண்டு போகாமலிருக்க அங்கே கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லும் ஒரு கட்டில் அளவு. மகள் முதல் கல்லிலேயே நின்றுவிட்டாள். கல்லின் பக்கவாட்டில் விரல் நுழைகிற அளவுக்கு நேர்கோடாக ஒரு பள்ளம். குவாரியில் வெடி வைக்கத் துளை போட்ட தடம் அது. இது ஏன் இப்படி இருக்கு என்று கேட்டாள். நட்சத்திர மீன் வேண்டுமா வேண்டாமா என்று நான் கேட்டேன்.

அடுத்த கல்லில் ஒரு நண்டு பக்கவாட்டில் ஓடி இடுக்கில் மறைந்தது. அதற்கு நின்றாள். கையைப் பிடித்து இழுத்தேன். ஈரப் பாறையில் கரப்பான் மாதிரி கூட்டமாக ஓடிய பூச்சிகளுக்கு நின்றாள். அதற்கும் இழுத்தேன். வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்த கூர்மையான சிப்பிகள் என் முழங்காலைக் கீறிவிட்டன. என் ஒரு செருப்பு கற்களின் இடுக்கில் விழுந்தது. கையை விட்டால் எட்டவில்லை. குச்சியை விட்டால் குச்சியும் உள்ளே போய்விட்டது. கட்டிக்கொண்டு போன புளிச்சாதப் பொட்டலத்தை, கீழே வைத்த ஐந்தாவது நிமிடம் காக்கை கிழித்துவிட்டது. பத்தரை மணிக்குக் கல் கொதித்தது. ஒற்றைச் செருப்போடு நொண்டியபடி, ஒவ்வொரு இடுக்காகக் குனிந்து பார்த்தேன். கிடைத்ததெல்லாம் பால் பாக்கெட் உறை, மக்கிய மாலை, ஒரு பொம்மையின் கை.

“எங்கப்பா?” என்று அவள் கேட்கும்போதெல்லாம், “அடுத்த கல்லுல” என்றேன். அவள் நம்பினாள். அதுதான் எனக்கு எரிச்சலைக் கூட்டியது. கடைக்கு வருகிறவர்கள் யாரும் எங்களை இவ்வளவு நம்புவதில்லை.

மேலே ரோட்டோரம் ஒரு அம்மா மீன் விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் குனிந்து குனிந்து போவதை வெகுநேரமாகப் பார்த்திருக்கிறார்.

“இன்னா சார், சாவிய தொலைச்சிட்டியா?”

மகளை நிழலில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் போய் விவரத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். கல்லில் எல்லாம் அது கிடையாதாம். எப்போதாவது வலையில் மாட்டுமாம், படகிலேயே எடுத்து வீசிவிடுவார்களாம். நான் குரலைத் தாழ்த்தி, ‘நேத்து வரைக்கும் இருந்துச்சு, இன்னிக்குத்தான் போயிடுச்சு’ என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லிவிடும்படி கேட்டேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“மீனு இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போவேன் சார். ஐஸ் மீன காலைல புடிச்சதுன்னு சொன்னா, நாளைக்கு எவ வந்து வாங்குவா எங்கையில? நீ பெத்த பொண்ணுதான அது? நீயே சொல்லு.”

தாழ்ந்த குரலில் பேசத் தெரியாதவர். திரும்பினால் மகள் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள்.

இருபது சேலையைப் பிரித்துப் போட அங்கே வழியில்லை. “இல்லம்மா” என்றேன். “இங்க நட்சத்திர மீன் இல்ல. இருக்கா இல்லையான்னு தெரியாமலே இருக்குன்னு சொல்லிட்டேன்.”

அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான்.

“இத அப்பவே சொல்லக் கூடாதாப்பா? அந்த நண்ட பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்ல. கைய வேற இழுத்து இழுத்து வலிக்குது.”

மீன்கார அம்மா மறுபடி சிரித்தார். எனக்கு ரோஷமாக இருந்தது. ஆனாலும் அவளோடு நண்டு ஓடிய கல்லுக்குத் திரும்பிப் போனேன். நண்டு வரவில்லை. வரும் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்து ஒன்று வந்தது. அவள் மூச்சைக்கூட விடாமல் பார்த்தாள். எனக்குக் கால் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்தாள். அடிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. ‘நட்சத்திர மீன்’ என்ற தலைப்புக்குப் பக்கத்தில் ‘இல்லாத பாறை’ என்று சேர்த்துவிட்டு, கோட்டையும் நீட்டினாள். முதல் வரியில் நண்டு வரும் என்று எதிர்பார்த்தேன். ‘என் அப்பா இருக்கு என்று சொன்னார்’ என்று இருந்தது. அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். அடித்துத் திருத்தக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருப்பதை நினைவுபடுத்தினாள்.

மறுநாள் காலை கடையில் ஒரு பாட்டி, கரையே இல்லாத கத்தரிப்பூ நிறப் பட்டு இருக்கிறதா என்று கேட்டார். நேற்று நடந்ததெல்லாம் ஒரு நொடி நினைவுக்கு வந்தது. “இருக்குங்கம்மா, காட்டுறேன், உட்காருங்க” என்றேன். முழங்கால் கீறல் எரிந்துகொண்டே இருந்தது.